அசல்

ஆயாவிரி உயரத்தில் பாதி மூச்சுதான் கிடைக்கும்.
வண்டிக்கும் அப்படியே.
வாங்கிய வாரம் பிளக்கைக் கழற்றினேன்,
கரியாய் இருந்தது.
கார்புரேட்டரில் சின்ன ஜெட் மாட்டியதும்
இருமல் நின்றது.

பின் ஸ்ப்ராக்கெட்டில் நாலு பல் கூட.
வேகம் போனது, போகட்டும்.
அல்பாக்காக் குட்டிக்கு ஊசி போட
மலை ஏறினால் போதும் எனக்கு.

முன் ஃபோர்க்குக்குள் அறுத்துப் போட்ட குழாய்த்துண்டு.
கண்ணாடி ஏதோ மினிபஸ்ஸுடையது.
எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்பு,
வாசற்கதவுக்கென்று வாங்கிய கம்பியில்
ஃபோர்ட்டுனாட்டோ பற்றவைத்துத் தந்தது.
அவர் வாசலில் இன்னும் போர்வைதான் தொங்குகிறது.

வால்வு மட்டும் யாரிடமும் விடுவதில்லை.
விடியுமுன், எஞ்சின் சில்லிட்டிருக்கையில்,
மரத்த விரல்களுக்கு நடுவே அளவுத்தகடு.
இறுக்கமா தளர்வா,
பல்லைக் கடித்தபடி கண்டுபிடிக்க வேண்டும்.

ஆலங்கட்டி மழையில் விழுந்த அன்று
விற்றுத் தொலைக்கிறேன் என்று கத்தியிருந்தேன்.
கடைசித் தவணை கட்டிய மறுநாள்
ஹூலியாக்காவிலிருந்து ஒருவர் வந்து நின்றார்.
சுற்றி வந்தார், குனிந்தார்,
உதட்டைப் பிதுக்கினார்.
"இதில் அசல் என்று என்னம்மா இருக்கிறது?"

கட்டிலுக்கடியிலிருந்து
நூடுல்ஸ் அட்டைப்பெட்டியை இழுத்து வந்தேன்.
பழைய ஜெட். பழைய பல்சக்கரம். பிளாஸ்டிக் காப்பு.
உறை பிரியாத இரண்டு கண்ணாடி.
"கடைக்காரர் எனக்கு விற்ற வண்டி இதுதான்.
தாராளமாக எடுத்துப் போங்கள்."

மனிதர் சிரிக்கவில்லை.
கண்ணாடிகளை வெயிலில் தூக்கிப் பார்த்து
எவ்வளவு என்றார்.

கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.
பின் டயர் தேய்ந்திருந்தது.