பத்து கிராம்

பட்டியின் கீழைச் சுவரை ஒரு முழ உயரத்துக்கு
என் ஆடுகள் நக்கியே தேய்த்துவிட்டன.
சுண்ணாம்பு தீர்ந்து, மண் தீர்ந்து,
இப்போது செங்கல் தெரிகிறது.

பங்குனி வந்தால் செதுவாலை ஏரிக்குள்
புல் என்பது பெயரளவில்தான்.
வேலங்காய், காய்ந்த கம்பந்தட்டை, கொஞ்சம் கடலைக்கொடி.
வயிறு நிறைகிறது. அசை வருவதில்லை.
ஒன்றின் முதுகு மயிரை மற்றொன்று பிடுங்கித் தின்கிறது.
செத்த கிடாய்க்குட்டியை அறுத்துப் பார்த்தபோது
இரைப்பையில் எலுமிச்சை அளவு மயிர் உருண்டை,
யாரோ உட்கார்ந்து பிடித்த கொழுக்கட்டை போல.

பொய்கைச் சந்தை, செவ்வாய்க்கிழமை.
கயிறும் லாடமும் விற்பவனிடம்
தாது உப்புக் கலவை, அஞ்சு கிலோ, பாதி விலை.
மூட்டைப் படத்தில் ஒரு கறவை மாடு
மடி தரையைத் தொட நின்றது.
"மாட்டுக்கு ஆவறது ஆட்டுக்கு ஆவாதா இன்னா?
அதுக்கும் நாலு காலு, நாலு வயிறு."
நான்தான் சொன்னேன். அவனல்ல.

தவிட்டில் பிசைந்து வைத்தால்
முகத்தைத் தூக்காமல் தின்றன. சுவரை மறந்தன.
இரவில் இடது விலாவுக்குப் பின்னால் குழியில்
முஷ்டியை வைத்து அழுத்தினால்
தூரத்தில் லாரி போவது போல
உள்ளே ஏதோ புரண்டு, நின்று, மறுபடி புரளும்.
நிமிஷத்துக்கு ஒன்று, சில நேரம் இரண்டு.
பெங்களூர் ரோட்டையே வயிற்றுக்குள் வைத்திருந்தன
முப்பத்தொரு ஆடுகள்.

தடுப்பூசிப் பெட்டியோடு மேல்விஷாரத்திலிருந்து
ஸ்கூட்டியில் வந்த டாக்டர் ஜபீன்
மூட்டையின் முதுகை வெகுநேரம் படித்தார்.
"பூங்காவனம், இதுல செம்பு இருக்கு.
மாடு தாங்கும். ஆட்டு ஈரல்
வந்த செம்பை வெளிய விடாது. சேத்து வெச்சிக்கும்."
எத்தனை நாளைக்கு?
"நெறையற வரைக்கும். அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது.
அப்புறம் ஒரே நாள்ல கண்ணு மஞ்சளாவும்."

ஒவ்வொன்றாய் இமையைப் பிதுக்கினேன்.
வெளுப்பு. வெளுப்பு. இளஞ்சிவப்பு.
அந்தி வெளிச்சத்தில்
எல்லாக் கண்ணும் சந்தேகமாகவே இருந்தது.
டார்ச் எடுத்துவந்து முதலிலிருந்து.

மிச்ச மூட்டை எதிர்வீட்டு ஜெர்சிக்குப் போனது.
அது அரை லிட்டர் கூடக் கறந்து
என்னைக் கேலி செய்தது.

இப்போது ஆட்டுக்கென்றே செய்த கட்டி
பட்டி நடுவே கயிற்றில் தொங்குகிறது.
தலைக்குப் பத்து கிராம், ஒரு நாளைக்கு.
அதில் கோபால்ட் கடுகிலும் கடுகளவு;
அதை வைத்துக்கொண்டுதான் இரைப்பை இருட்டில்
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்
தட்டையை ஆடாக்கும் வேலையில் இருக்கிறார்களாம்.
யாரும் பார்க்காதபோது நானும் நக்கினேன்.
முதலில் உப்பு. பிறகு வெல்லப்பாகு.
அதற்கும் பின்னால் போர்வெல் குழாயின் துரு.

நான் கொடுத்த பதினேழு நாள்
அவற்றின் ஈரலில் இன்னும் இருக்கும்.

காது கிழிந்த பெட்டை பக்கத்தில் படுத்து
விழுங்கியதைத் திரும்ப வரவழைத்து மெல்கிறது.
ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று.
நிறுத்துகிறது. தொண்டையில் ஓர் உருண்டை இறங்குகிறது.
அடுத்தது ஏறும்வரை
நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.