மூடிப் பதினைந்து, திறந்து ஐந்து

கையெழுத்துப் போடும்போது தேசம்மா சொன்னாள்:
"ஈரக்குலையே நடுங்குது டாக்டரம்மா."
உண்மைதான்.
விளக்கின் கீழே பார்த்தால்
எல்லோருக்கும் நடுங்கத்தான் செய்கிறது.
வென்டிலேட்டர் ஊதும் ஒவ்வொரு மூச்சுக்கும்
உதரவிதானம் இறங்கித் தள்ள,
பழுப்புச் சிவப்பில் ஒரு மெல்லிய அசைவு.
மூச்சின் அளவைக் குறைத்தேன்.
அசைவு சிறுத்தது.

எட்டியப்பன், ஐம்பத்திரண்டு,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
வலப்பக்க ஈரலில்
எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் நடுவான அளவில்
ஒரு கட்டி.
வெட்டுவது மெஹருன்னிஸா.
நான் தலைமாட்டில், திரைக்கு இந்தப் பக்கம்.
இன்று என் வேலை
கொடுக்காமல் இருப்பது.

டிரிப்பை இறுக்கி வைத்திருக்கிறேன்.
ஒரு சொட்டு. வெகுநேரம் கழித்து
இன்னொன்று.
ஏரி தளும்பும்போது கரையில் கை வைக்கக் கூடாதென்று
செம்பரம்பாக்கம் திறந்த வருஷம்
இடுப்பளவுத் தண்ணீரில் டியூட்டிக்கு வந்தவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
பெருஞ்சிரையில் அழுத்தம் நான்கு.
மே மாதப் பூண்டியைப் போல
அடிமண் தெரிய வைத்திருக்கிறேன்
ஒரு மனிதரை.

"மூடுறேன்," என்றாள் மெஹர்.
ஈரலுக்குள் போகும் குழாய்கள் சேர்ந்து வரும் தண்டைச் சுற்றி
ஒரு நாடா, அதன் மேல் ரப்பர் குழாய், ஒரு இறுக்கு.
பிளம்பர் வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாரே
"மெயின் எங்கம்மா?" என்று,
அவ்வளவுதான்.
சிஸ்டர் குளோரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பதினைந்து நிமிடம் மூடலாம்.
பிறகு ஐந்து நிமிடம் திறந்தே ஆகவேண்டும்;
அதற்கும் பசிக்கும்.

ஒலியலையால் உடைக்கும் கருவி
ரிப்பேருக்குப் போய் நாற்பது நாள்.
ஆகவே பழைய வழி:
கவ்வியால் நசுக்கினால்
ஆறிய இட்லியாய்ச் சதை உதிரும்,
உதிராமல் நூல் நூலாய்க் குழாய்கள் நிற்கும்.
ஒவ்வொன்றையும் கட்டு, வெட்டு.
கட்டு, வெட்டு.
"பத்து நிமிஷம் டாக்டர்."
கட்டு.

இரண்டாம் முறை மூடியிருந்தபோது
உறிஞ்சும் குழாயின் சத்தம் மாறியது.
எனக்கு எப்போதும் காதில்தான் முதலில் தெரியும்.
நாடா, வரும் வழியை மட்டும்தான் அடைக்கும்.
இது போகும் வழி. ஈரல் சிரை.
மெஹர் எதுவும் பேசவில்லை.
கவ்வியைத் தேடவில்லை.
விரலை வைத்தாள்.

எண்பது. எழுபத்தாறு. எழுபத்தொன்று.
என் கட்டைவிரல் டிரிப்பின் சக்கரத்தில்.
திறந்தால் சிரை பொங்கும்.
திறக்காவிட்டால்
காலியான சிரை காற்றை உறிஞ்சும்,
காற்று இதயத்துக்குப் போகும்.
திரையில் கரியமில வாயுவின் கோடு
சரிகிறதா, சரிகிறதா
என்று அதையே பார்த்தேன்.
"கொடுக்கட்டுமா?"
"வேணாம். நூல்."
நான்கு தையல்.
நான்காவது முடிச்சு விழும்வரை
அறையில் ஏசி மட்டும் பேசியது.

"இப்போ கொடு," என்றாள்.
என் கஞ்சத்தனத்தைக் கைவிட்டேன்.
தொண்ணூறு. நூறு. நூற்றுப் பன்னிரண்டு.
வெட்டிய முகத்தில் வெள்ளைத் துணியை வைத்து
ஐந்து நிமிடம் நின்றுவிட்டு எடுத்தாள்.
சிவப்பு இல்லை; ஒரே ஓர் இடத்தில் மஞ்சள்.
பித்தம். அதற்கும் ஒரு தையல்.
குளோரி துணிகளை எடைபோட்டு
கழுவிய நீரைக் கழித்து எழுதினாள்:
முந்நூற்று எண்பது மில்லி.

வெளியே ஐஸ் கம்பெனி ஆட்கள் ஐந்து பேர்.
நேற்றே ரத்தம் கொடுத்தவர்கள்,
இன்னும் வேண்டியிருக்குமோ என்று நிற்கிறார்கள்.
தேசம்மா என் கையைப் பிடித்து
ஒன்றும் சொல்லாமல் அதையே பார்த்தாள்.
"நம்ம ரத்தத்த ஏத்தினீங்களாம்மா?" என்றான்
உயரமாய் இருந்தவன்.
"தேவைப்படல."
அவன் முகம் விழுந்தது.
"சுத்தமான ரத்தம்மா.
நாலு நாளா சரக்கே தொடல."

பிரசவ வார்டுக்குப் போகும் என்றேன்.
தெரியாமல்தான் சொன்னேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப சரி," என்று
முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை
மெதுவாய் உரித்தான்.