பாதிக்குப் பாதி

ஜே.சி. ரோட்டில் மழை விட்டு ஐந்து நிமிடம்.
"தார் எவ்ளோ, மண் எவ்ளோ மேடம்?"
நயாஸ் கேட்டதும்
கூச்சமே இல்லாமல்
பாதிக்குப் பாதி என்றேன்.

அவர் பதில் பேசவில்லை.
பழைய டயரைக் கழற்றி
என் முன்னால் உருட்டி நிறுத்தினார்.
நடுமுதுகு வழவழவென்று தேய்ந்திருந்தது.
மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், சில்க் போர்டு,
மறுபடி பெல்லந்தூர்.
ஓரங்களில் மட்டும்
வாங்கிய அன்றைய ரப்பர் மயிர்கள்
ஒன்றுகூட உதிராமல்.

மூன்று வருடம்.
ஸ்பிதிக்கு லீவு கேட்டு எழுதிய மெயில்
இன்னும் டிராஃப்டில்தான் கிடக்கிறது.

"தார் டயரே போட்டுரட்டுமா?
ஈரத்துல பிடிக்கும், சத்தம் வராது,
ரொம்ப நாள் வரும்."
நியாயமான மனிதர்.

சுவரில் தொங்கிய மண் டயரின்
கட்டிகளுக்கிடையே விரலை விட்டுப் பார்த்தேன்.
முதல் கணு வரை போனது.

பின்னால் நீங்கள் சொன்னது,
முன்னால் இது, என்றேன்.
"அப்படி யாரும்..." என்று தொடங்கியவர்
லீவரை எடுக்கப் போய்விட்டார்.

வழியெல்லாம் ஹேண்டில் முனகிக்கொண்டே வந்தது.
கேபிளுக்குத் தோண்டிப் போட்ட எங்கள் தெருவில்
சுற்றிப் போகாமல்
நேராக இறக்கினேன்.

காலையில் பார்க்கிறேன்,
கோலிக்குண்டு அளவில் ஒரு கல்லைக்
கடித்துக்கொண்டு நிற்கிறது முன்சக்கரம்.

எடுக்கவில்லை.