கழுத்தறுப்பு

நீட்டி முழக்குகிறவர்களை
எங்கள் ஊரில் கழுத்தறுப்பு என்போம்.
டாக்டர் ஹெப்சிபா ஏழே நிமிடம் பேசினார்.
பிறகு நிஜமாகவே அறுக்கச் சொன்னார்.

முதல் நாள் ரப்பர் பொம்மை.
எங்களுக்கு முன்னால் முப்பது பேர் கீறிய கழுத்து.
கத்தியை வைத்தால்
பழைய கிழிசலில் அதுவாகவே போய் விழுகிறது.
வண்டி ஓட்டுகிற டில்லிபாபு
வேடிக்கை பார்க்கத்தான் வந்தான்,
அவனுக்கும் சரியாக வந்தது.
கை தட்டினோம்.
"இந்தப் பொம்மை எல்லாரையும் பாஸ் போட்டுடும்,"
என்றார் டாக்டர். "நாளைக்கு ஆடு."

விடிகாலை ஐந்து, புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி.
எனக்குத்தான் வீடு பக்கம்.
"குழல் மட்டுமா? ஈரலோட எடுத்துக்கம்மா,
கொழம்பு நல்லாருக்கும்."
இருபத்துநாலு குழல் என்றேன்.
எதற்கென்று கேட்டார் மஸ்தான் பாய், சொன்னேன்.
கத்தியைக் கல்லில் ஒருதரம் இழுத்துவிட்டு,
"நான் வெட்னா மூச்சு நிக்கும்,
நீ வெட்னா வரும். அப்டித்தானே?"
பாதிக் காசுதான் வாங்கினார்.
அப்டித்தானே என்றதற்கு
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேருந்தில் மடிமேல் பை இளஞ்சூடாக இருந்தது.
பக்கத்தில் இருந்த அம்மா மூக்கை மூடிக்கொண்டு
பின்சீட்டுக்குப் போனார்.

மேடு. மேட்டிலிருந்து விரல் இறங்கினால் பள்ளம்.
பள்ளத்துக்குக் கீழே கெட்டியாய் ஒரு வளையம்.
பள்ளம்தான் வாசல்.
"கண்ணால தேடாதீங்க,
ரத்தம் வந்தா கண் எதுக்கும் ஆகாது. விரலால பாருங்க."
முதல் குழல் வழுக்கியது.
இரண்டாவதில் கத்தி பின்சுவரையும் தாண்டி
மேசை விரிப்பில் நின்றது.
மூன்றாவதில் நான் நின்றுவிட்டேன்.

காசிமேடு, போன ஆடி.
பெயரைப் பிறகு படிவத்தில் எழுதினேன்: அமலதாஸ், 26.
நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது.
மாஸ்க்கை வைத்து அழுத்த அழுத்தக்
காற்று என் கைக்கே திரும்பி வந்தது.
டில்லிபாபு சைரனை நிறுத்தவே இல்லை.
மீன் லாரி ஒதுங்கியது,
கண்டெய்னர் ஒதுங்கியது,
ஒரு சாவு ஊர்வலம் மேளத்தை நிறுத்திவிட்டு ஓரம் போனது.
ஸ்டான்லி வரைக்கும்
ரோடு மொத்தமும் வழி விட்டது.
விடாதது இரண்டு அங்குலம்.

அந்த இரண்டு அங்குலத்துக்குக் கீழே
ஒரு வாசல் இருப்பது எனக்குத் தெரியாதென்று
சொல்ல முடியாது.
பரீட்சையில் எட்டு மார்க் கேள்வி, முழுதாய் எழுதினேன்.
கத்தியும் பையில் இருந்தது,
உறை பிரியாமல்.

ஏன் நின்றீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை.
நாலாவது குழலை எடுத்து வைத்தார்.
ஏழாவதுக்கு விளக்கை அணைத்தார்.
பத்தாவதுக்கு டில்லிபாபு
செல்போனில் சைரன் போட்டு என் காதருகே பிடித்தான்.
குழலின் அடியில் ஒரு பலூன் கட்டியிருந்தோம்,
யாரோ பிள்ளையின் பிறந்தநாளில் மிஞ்சிய ரோஸ் பலூன்.
தோலைக் கீறி, பள்ளத்தைத் துளைத்து,
கம்பியைச் செருகி, கம்பிமேல் குழாயை இறக்கி
பையை அமுக்கினேன்.
இருட்டில் பலூன் தெரியவில்லை.
தொட்டுப் பார்த்தேன். உப்பியிருந்தது.
"முப்பத்தெட்டு செகண்ட்," என்றது யாரோ.

சாயங்காலம் ஒரு தாள் கொடுத்தார்கள்.
தன்னம்பிக்கை எவ்வளவு?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டம் போடவும்.
கை இன்னும் நடுங்குகிறது.
நடுங்கிக்கொண்டே இடத்தைக் கண்டுபிடிக்கிறது.
அதற்கு எத்தனை?
வட்டம் போடாமல் மடித்துக் கொடுத்தேன்.

இப்போது எல்லாருக்கும் கழுத்துதான் முதலில் தெரிகிறது.
விசில் ஊதும்போது கண்டக்டருக்கு மேடு ஏறி இறங்குகிறது.
ராத்திரி புருஷன் கழுத்தில் விரல் வைத்தேன்,
அலறி எழுந்து உட்கார்ந்தான்.
இன்றைக்கு டவுட்டன் சிக்னலில் இரண்டு ஆட்டோக்கள் உரசிக்கொண்டன.
"சங்க அறுத்துருவேன்டா!" என்று கத்துகிறான் ஒருவன்.
தடித்த கழுத்து, தாடி வேறு.
ஆனாலும் தெரிகிறது, நடுவில்,
மேட்டுக்கு ஒரு விரல் கீழே.