நாலு வயிறு

சிலுவைத் திருநாள் கழிந்த புதன்.
பூண்டும் பழைய ரொட்டியும் அடுப்பில் கொதிக்கின்றன,
நண்பகலுக்கு, ஒரே ஒருதரம்.
லூசியாளுக்குப் பின் ஒன்று, சாம்பலுக்குப் பின் ஒன்று,
ஆவி நெருப்பாய் இறங்கிய ஞாயிற்றுக்குப் பின் ஒன்று,
இப்போது இது:
நாலுகால ஒருசந்தி.
பசுவைப் போல ஆண்டுக்கும் நாலு வயிறு.
ஒவ்வொன்றும் மூன்று நாள் காலியாகிறது.

கயார்தாவுக்கு இது தெரியாது.
தொழுவத்தில் நின்று
நேற்றுத் தின்றதை இன்றும் தின்கிறாள்.

கோவிலில் டோன் எவுத்தீக்கியோ வாசகத்தை லத்தீனில் முடித்து
எங்களுக்காக எங்கள் மொழியில் சொன்னார்:
போங்கள், கொழுத்ததைத் தின்னுங்கள்,
இனித்ததைக் குடியுங்கள்.
ஒருசந்தி நாளில்! என் வயிறு
ஆமென் சொல்வதுபோல் உறுமியது.
பின் பெஞ்சில் ஹெர்மோஹெனெஸ்
சிரிப்பை இருமலாக்கினான்.

எங்கள் காந்தாப்ரிய மலையில் இந்த மூன்று நாளும்
வானத்தின் வாயைப் பார்ப்போம்.
இப்போது அடிக்கும் காற்றே குளிர்காலம் முழுக்க அடிக்கும்.
புதன் சொன்னதைச் சனி மறுக்கலாம்.
சனி சொன்னதை மறுக்க
டிசம்பர் வரை ஆளில்லை.

புதன்: தெற்கு. ஓட்டின்மேல் கஷ்கொட்டை உதிர்ந்தது.
கழுத்தடியில் வியர்வை.
இப்படியே இருந்தால் பரணில் உள்ள வைக்கோல்
மார்ச் வரை வரும்.

வெள்ளி: காற்றே இல்லை.
கோபுரத்துச் சேவல், வால் ஒடிந்தது,
எங்கும் பார்க்காமல் நின்றது.
சுத்தபோசனம்; இறைச்சியை விலக்கு என்கிறார்கள்.
பிப்ரவரியிலிருந்து
எங்களை விலக்கி வைத்திருப்பது அதுதான்.
மாலையில் தபால்.
செலெதோனியோ எழுதியிருந்தான், பெல்ஜியச் சுரங்கத்திலிருந்து,
கரி படிந்த பெருவிரலின் ரேகை தாளின் மூலையில்:
"இரண்டு ஆண்டாகச் சினை நிற்கவில்லை.
கயார்தாவை லீனோவுக்குக் கொடுத்துவிடு."
லீனோ மாட்டு வியாபாரி.
காசு கொடுத்து வாங்கிய விலக்குச் சீட்டு
அவன் சட்டைப்பையில் இருக்கிறது.
மூன்று நாளும் தொத்திறைச்சி மணக்கும் அவன் மீசையில்.

சனிக்கிழமைப் பூசை நீளம்.
ஒன்றன்பின் ஒன்றாய் வாசகங்கள்,
நின்றோம், முழந்தாளிட்டோம், மீண்டும் நின்றோம்.
பசித்த காதுக்குள் எல்லாம் ஆழமாய் இறங்குகிறது.
பிறகு அந்த அத்தி மரம்.
மூன்று ஆண்டாய்க் காய்க்கவில்லை, வெட்டிப் போடு என்கிறான் எசமான்.
தோட்டக்காரன் சொல்கிறான்:
இந்த ஆண்டும் இருக்கட்டும்,
சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன்.
எனக்கு உடனே தோன்றியது:
எருவுக்குப் பஞ்சமில்லை,
அதைப் போடுபவளே கயார்தாதான்.
இந்த நினைப்பைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா,
தெரியவில்லை.

அன்றிரவு தூங்கவில்லை.
எடைபோட்ட ரொட்டித் துண்டு எப்போதோ தீர்ந்துவிட்டது.
பதினோரு மணிக்குப் புகை கூடத்துக்குள் திரும்பியது.
கதவைத் திறந்து ஈரக் கையை நீட்டினேன்,
விரல் நுனியில் கத்தி வைத்தது போல
வாடை.
கடலிலிருந்து நேராக, தயக்கமே இல்லாமல்.
பனி முழங்காலுக்கு வரும். வைக்கோல் ஜனவரியோடு முடியும்.
பன்னிரண்டு அடித்ததும்
ரொட்டியை வெட்டினேன். பிறகு ஏனோ தின்னவில்லை.

ஞாயிறு காலை லீனோ வந்தான்.
முதுகெலும்பைத் தடவினான், பல்லைப் பார்த்தான்,
விலை சொன்னான். குறைந்த விலை இல்லை.
"லூசியாளுக்குப் பின் வா" என்றேன்.
"அப்போது இவள் பாதி எடைதான் இருப்பாள், ஒப்தூலியா."
"இருக்கட்டும்."

தோட்டக்காரன் ஓராண்டு கேட்டான்.
நான் கேட்டது மூன்று மாதம்.

பிற்பகலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
மேலைச் சேரிக்கு நடந்தேன், காளை வைத்திருப்பவன் வீட்டுக்கு.
எதிர்க்காற்று. அவள் அசைபோட்டபடியே வந்தாள்.

இரவு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
காற்று வடக்கு என்று எழுதினேன்.
நலம் என்று எழுதினேன்.
காளைக்குக் கொடுத்த காசை எழுதவில்லை.