எண்பதாம் வாசல்

அதிகாலை நான்கு நாற்பது. வெளியே மைனஸ் பதினெட்டு.
பால்டிக் கடல் கெட்டிப்பட்டு மூன்று வாரம்.
எங்கள் தீவிலிருந்து எஸ்டோனியக் கரைக்கு
ஒன்பது கிலோமீட்டர் பனிச்சாலை.
இன்று அது திறந்திருக்கிறதா என்று சொல்ல
ஒரே ஓர் இணையப்பக்கம்.
அதைத் தாங்க, சாலை அலுவலகப் படிக்கட்டின் கீழ்,
துடைப்பங்களுக்குப் பக்கத்தில்
ஒரு லினக்ஸ் பெட்டி.

நேற்றிரவு மின்சாரம் போனது, யுபிஎஸ் கைவிட்டது,
மின்சாரம் வந்தது.
பெட்டி எழுந்தது. என்ஜினெக்ஸ் எழவில்லை.

நிலையைக் கேட்டேன். தோல்வி என்றது, சிவப்பில்.
மறுபடி தொடங்கு என்றேன். தோல்வி.
மூன்றாம் முறையும் அதையே தட்டினேன்.
என் தொழிலில் அதற்குப் பிரார்த்தனை என்று பெயர்.

அமைவுக் கோப்பைச் சோதித்தேன்.
இலக்கணம் சரி என்றது.
இலக்கணம் சரியான எத்தனையோ வாக்கியங்கள்
யாரையும் எழுப்புவதில்லை.

வட்டு நிறைந்துவிட்டதோ? பாதி காலி.
அனுமதிகள்? என் மேசையைவிட ஒழுங்கு.
காப்பி ஆறி ஆடை கட்டியது.
பிறகுதான் பதிவேட்டின் கடைசி வரிக்குப் போனேன்,
முதலிலேயே போயிருக்க வேண்டிய இடத்துக்கு:
எண்பதாம் வாசலில் ஏற்கனவே ஆள் இருக்கிறது.

யாரப்பா நீ?

செயல் எண் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பைத்தான். உடைமையாளர் ரூட்.
கோப்பின் பெயர் 'தற்காலிகம்'.

தாவெத் எழுதியது. நான்கு குளிர்காலம் முன்பு,
ஒரு மார்ச் இரவு, பக்கம் படுத்துக்கொண்டபோது
அவசரமாக ஒட்டுப்போட்ட பதினோரு வரி.
பெட்டி எழும்போதெல்லாம் நீயும் எழு என்று
கிரான் அட்டவணையில் சொல்லிவைத்துவிட்டு
நார்வேக்குப் போனான், சால்மன் பண்ணை வேலைக்கு.
அதன்பின் பெட்டி அணையவே இல்லை.
எனவே இதுவும் எழவில்லை.
நேற்றிரவு எழுந்தது;
என்ஜினெக்ஸை முந்திக்கொண்டு
வாசலில் பட்டா போட்டு உட்கார்ந்துவிட்டது.

என்னதான் சொல்கிறது என்று உலாவியைத் திறந்தேன்.
வெள்ளைப் பக்கம். கறுப்பில் ஒரே வரி:
"பனி மெலிந்துவிட்டது. இறங்காதீர்கள்."

செத்துவிட்டது என்றல்லவா
இவ்வளவு நேரம் அதன் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அது பேசிக்கொண்டிருந்திருக்கிறது, இரவு முழுக்க,
கேட்க வந்த எல்லோரிடமும்.

தொலைபேசி. ரொட்டி வண்டி விர்வெ.
"மாரிகா, பக்கத்தைப் பார்த்துப் பாதியில் திரும்பிவிட்டேன்.
நேற்று இருபத்தேழு சென்டிமீட்டர் என்றீர்களே?"

இருபத்தேழுதான், அது பழைய செய்தி, நீ வா
என்று சொல்ல வாய் திறந்தேன்.
அந்த மார்ச்சில் அந்த வரி பொய்யில்லை.
ஒரு சிவப்புக் கார் முன்சக்கரம் வரை இறங்கியதை
நானும்தான் பார்த்தேன்.
"அங்கேயே இரு," என்றேன்.

ஹில்லாரை எழுப்பினேன். ஒரு துளை போடு.
"நேற்றுதானே போட்டேன்."
இன்னொன்று போடு.
அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நாற்பது நிமிடம்.
கொல்லும் கட்டளையைத் தட்டிவைத்து,
என்டர் மேல் விரலை வைக்காமல்,
அறுநூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது நினைவகத்தில் எட்டே எட்டு மெகாபைட்,
யாரையும் தொந்தரவு செய்யாமல்,
தெரிந்த ஒரே வாக்கியத்தோடு.

"இருபத்தெட்டு," என்றான் ஹில்லார்.
பல் தந்தியடித்தது. "ஒன்று கூடியிருக்கிறது. திருப்தியா?"

பதினைந்தாம் சமிக்ஞை அனுப்பினேன்: தயவுசெய்து போ.
ஒன்பதை ஓங்கி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.
முதல் சொல்லுக்கே எழுந்து போய்விட்டது.

தொடங்கு என்றேன். பச்சை.
"வா," என்றேன் விர்வெயிடம். "மெதுவாக வா.
சீட் பெல்ட் போடாதே, ஞாபகமிருக்கட்டும்."

கடைசியாக, கிரான் அட்டவணை.
தாவெத்தின் வரியை அழிக்கப் போனேன்.
அழிக்கவில்லை.
அதன் முன்னால் ஒரு ஹாஷ் போட்டேன்.
மார்ச் வரும்.