கையெழுத்துக் கட்டம்

செக்காலை ரோட்டில் மாடியில் என் கடை.
ஒரு பிளாட்டர், இரண்டு நாற்காலி,
இழுப்பறையில் வயிரவன் சாரின் சீல்.
அவர் மஸ்கட் போய் ஆறு வருஷம்.
ரப்பர் காய்ந்து கடைசி எழுத்து உதிர்ந்துவிட்டது;
எங்கே குத்தினாலும் ஓர் எழுத்துக் குறைவாகத்தான் விழுகிறார்.

ரோஸ்லின் மேடம் சிங்கப்பூர்.
தேவகோட்டை அபுதாகிர் தோஹாவில்
கார் நிறுத்துமிடங்கள் மட்டும் வரைகிறார்,
பூமிக்குக் கீழே ஐந்து தளம்.
மிச்சம் ஒருத்தர், மதுரையிலிருந்து
வியாழக்கிழமை மட்டும் வருவார்.
அன்று அவர் கார் பானட்டின் மேல்
பதினோரு வீடுகளுக்குத் தலையெழுத்து.

முன்னே கப்பலேறியவர்கள்
பர்மாத் தேக்கு அனுப்பினார்கள்.
இவர்கள் கட்டைவிரல் அனுப்புகிறார்கள்.

பள்ளத்தூரில் டயாலிசிஸ் மையம்.
நான்கு மெஷின் வந்து இறங்கி
பாலித்தீன் பிரிக்காமல் நிற்கிறது.
வரைபடத்தில் கையெழுத்து இல்லை.
வாரம் மூன்று நாள்
இருட்டோடு மதுரை பஸ் ஏறும் நாச்சம்மை
கடைக்கே வந்து கேட்டார்:
"கையெழுத்துப் போடுறவுக எல்லாம்
எங்கிட்டுப் போய்ட்டாக?"
"பாஸ்போர்ட்ல போட்டுட்டுப் போய்ட்டாக."
சிரிக்கவில்லை அவர். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இரவு பத்துக்கு வயிரவன் சாருக்கு அனுப்பினேன்.
அங்கே எட்டரை.
எட்டு செகண்டில் கட்டைவிரல்.
ஃபைல் திறக்கவே அதைவிட நேரமாகும்.
"சீல் அங்கதானே இருக்கு, போட்டுடும்மா."
கூடவே ஒரு வேலை:
கானாடுகாத்தானில் ஒரு வளவை அளந்து தரணும்,
ஹோட்டல் ஒன்றுக்கு,
கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும் சரிவு உட்பட.
அங்கே மழை வருஷத்துக்கு நாலு நாள்.
அளந்து கொடுத்தேன். பணம் மறுநாளே வந்தது.

சீலை எடுத்தேன், ஊதினேன், வைத்துவிட்டேன்.

பள்ளத்தூர் போய் மையத்தின் வாசலில்
சாய்தளத்தை முழு அளவில்
சாக்பீஸால் தரையில் வரைந்தேன்.
ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்.
"நானே படுக்குறேன்" என்றார் நாச்சம்மை,
செருப்பைக் கழற்றி, பையை வயிற்றில் வைத்து.
நேராகப் போனது. திருப்பத்தில்
சக்கரம் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியது.
ஒன்பது அங்குலம்.

அந்தத் திருப்பத்தை வரைந்தவள் நான்.
என்னைத் திட்ட ஓர் ஆள்
எதிர் நாற்காலியில் இருந்திருந்தால்
முதல் நாளே சிவப்பு மையில் சுழித்திருப்பார்.
"என்னாச்சு?" என்று படுத்தபடியே கேட்டார் நாச்சம்மை.
"கொஞ்சம் இடிக்குது ஆச்சி."

இன்று ஷார்ஜாவிலிருந்து மெயில்.
டிராஃப்டிங், இரண்டு வருஷம், தங்க இடம் உண்டு.
திர்ஹத்தை ரூபாயாக்கினேன்,
நம்பாமல் மறுபடியும் ஆக்கினேன்.
இப்போதைய வேலையிலிருந்து விலக
எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ஒரு கட்டம்.
யாரிடம் தருவது என்பதற்குக் கட்டம் இல்லை.

வியாழனுக்கு மூன்று நாள் இருக்கிறது.
கோட்டை ஒன்பது அங்குலம் தள்ளி
பிளாட்டரை ஓட்டுகிறேன்.
ஷார்ஜா படிவத்தை
இன்னும் மூடவில்லை.